விரோதம் பண்ணிய செல்வி

கமிட்டி அறையில் கூலர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் பொருத்திய ஈரப் புல்லின் வாசனையோடு, பொன்னாடைகளை அடைத்து வைத்திருந்த பீரோவிலிருந்து பாச்சை உருண்டை வாசனையும் வந்தது. எங்கள் தில்லித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்தும் கமிட்டிப் பெரியவர்கள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்த நாங்கள் ஏழு பேர் சுவரோரம் நின்றிருந்தோம்.

எங்களுக்கு முன்னால் நின்றவள் தமிழ்ச்செல்வி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாடிப்படியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

“அங்கிள், பொலிட்டிகல் சயின்ஸ் செக்‌ஷனை மூடக் கூடாது. நாங்க இதை விரோதம் பண்றோம்.”

செயலாளர் அப்போதுதான் பிஸ்கட்டை டீயில் முக்கியிருந்தார். அது ஊறி உடைந்து டீக்குள் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

“என்ன பண்றீங்க?”

“விரோதம், அங்கிள். பூரா கிளாஸும் பண்றோம்.”

இந்த ஒரு வார்த்தை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். போன வாரம் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “பெரியவங்களைப் பத்திக் கொஞ்சம் மரியாதையா எழுதலாமே” என்று ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் இந்த வாரம் பக்கத்தைத் திருப்பிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுவது நல்லது.

யாரும் கேட்காத பாடம்

பத்தாம் வகுப்பு முடிந்தால் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளைப் பிரிக்கும் வேலை தொடங்கும். நல்ல மார்க் என்றால் சயின்ஸ். சுமாரென்றால் காமர்ஸ். அதற்கும் கீழே ஒரு பள்ளம் உண்டு, அதன் பெயர் ஹியுமானிட்டீஸ். எங்கள் காலனியில், “உங்க பொண்ணு என்ன எடுத்திருக்கா?” என்று கேட்டவர்களிடம் அம்மா, “ஹியுமானிட்டீஸ்” என்று சொன்னால், “அடடா, என்ன ஆச்சு?” என்பார்கள். எனக்குக் காமாலை வந்தபோதுகூட அவ்வளவு அக்கறையாக விசாரிக்கவில்லை.

அந்தப் பள்ளத்துக்குள்ளும் பொலிட்டிகல் சயின்ஸைக் கேட்டு வாங்கியவர்கள் நாங்கள் ஏழு பேர்தான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரமே, காலை பிரார்த்தனையில் பிரின்சிபால் மேடம் அறிவித்தார். ஆள் குறைவாக இருப்பதால் அந்தப் பிரிவை மூடுகிறார்கள், நாங்கள் காமர்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்று. அறிவித்த கையோடு, ஷூ பாலிஷ் போடாதவர்கள் முன்னால் வரவும் என்றார். எங்கள் பாடத்துக்கும் ஷூவுக்கும் ஒரே மூச்சில் முடிவு கட்டியாகிவிட்டது.

மற்ற ஆறு பேருக்கு இது வெறும் எரிச்சல்தான். செல்விக்கு அப்படியில்லை. அவளுக்கும் கணக்குக்கும் ஜென்மப் பகை. காமர்ஸில் அவளைச் சேர்க்க மாட்டேன் என்று அந்த வகுப்பு டீச்சர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவள் அப்பா துணை ராணுவத்தில் ஹெட் கான்ஸ்டபிள், சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். “இங்கன படிக்க வழியில்லன்னா ஊருக்குப் போயிரணும்” என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஊரில் மாமா வீடு இருந்தது. மாமாவுக்குக் கல்யாண வயதில் மகனும் இருந்தான். ஆக, அந்தப் பிரிவை மூடினால் செல்வியின் படிப்பையும் சேர்த்து மூடியது போலத்தான். இது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும்.

இத்தனைக்கும் எங்களில் அந்தப் பாடத்தை உண்மையாகவே விரும்பியவள் அவள் ஒருத்திதான். நானெல்லாம் கணக்குக்குப் பயந்து ஓடி வந்த கேஸ். அவள் லீவு நாட்களில் நாடாளுமன்ற நேரலையை, மற்ற பெண்கள் சீரியல் பார்ப்பது போலப் பார்ப்பாள். யார் எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்குத் தாவினார், சபாநாயகர் யாருக்கு மைக்கை அணைத்தார் என்று மறுநாள் பஸ்ஸில் கதை சொல்வாள். கேட்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும்.

அப்பாவும் அரசியலும்

எங்கள் வீட்டில் அரசியல் என்ற வார்த்தையைச் சொன்னால் அப்பா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்துவார். மத்திய அரசு ஊழியர் அரசியலில் ஈடுபடக் கூடாது என்று நடத்தை விதியில் இருக்கிறது. அப்பா அதை வேதமாக எடுத்துக்கொண்டவர். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் விரல் மையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவரின் மகள் பொலிட்டிகல் சயின்ஸ் எடுத்தால்? “பேருலயே பொலிட்டிகல்னு இருக்கே” என்று ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் ஆபீசில் தன் செக்‌ஷன் ஆபீசரிடம் போய், மகள் இந்தப் பாடத்தைப் படித்தால் விதிமீறல் ஆகுமா என்று கேட்டே விட்டார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்டார். அந்த அதிகாரி இவரைவிட ஒரு படி மேலே. அவர் யோசித்துவிட்டு, “மேல கேட்டுச் சொல்றேன்” என்றாராம். இருவரும் ரிட்டயர் ஆகிவிட்டார்கள். மேலேயிருந்து இன்னும் பதில் வரவில்லை.

அரசாங்கம் கொடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருந்து, அரசாங்கம் கொடுத்த ஆஸ்பத்திரி கார்டில் மருந்து வாங்கி, அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாமலே அறுபது வயது வரை காலம் தள்ள முடியும் என்பதற்கு எங்கள் காலனியே சாட்சி. தெரியாதது மட்டுமில்லை, தெரிந்துகொள்ளாததில் ஒரு பெருமை வேறு. “நமக்கெதுக்கு அதெல்லாம்” என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ மது, மாமிசத்தை விட்டவர்கள் மாதிரி இருக்கும்.

பரமேஸ்வரன் சாரின் ஜனநாயகம்

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் பரமேஸ்வரன் சார். பாடம் எடுத்தார் என்பது பேச்சுக்குச் சொல்வது. கைடைப் பார்த்து வாசிப்பார். நடுநடுவே, “இது இம்பார்ட்டன்ட், கோடு போடு” என்பார். பேச்சுரிமை பற்றிய பாடத்தை அவர் நடத்திய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செல்வி கையைத் தூக்கினாள். “டவுட்டெல்லாம் கடைசில” என்றார். கடைசியில் மணி அடித்துவிட்டது. அவருடைய பேச்சுரிமைக்கு எப்போதுமே மணி அடித்துவிடும்.

பத்தாவதில் எங்களை வைத்து மாதிரி நாடாளுமன்றப் போட்டி ஒன்று நடத்தினார். தில்லிப் பள்ளிகளில் இது ஒரு வழக்கம். வெள்ளைக் குர்தா, கறுப்புக் கோட்டு, மாண்புமிகு, கௌரவமிகு என்று ஒரே அமர்க்களமாக இருக்கும். ஆளுங்கட்சி வசனத்தையும் அவரே எழுதினார், எதிர்க்கட்சி வசனத்தையும் அவரே எழுதினார். இரண்டையும் பிரின்சிபால் மேடம் திருத்திக் கொடுத்தார். எதிர்க்கட்சி எந்த இடத்தில் கோபப்பட வேண்டும், எந்த இடத்தில் வெளிநடப்பு செய்ய வேண்டும், எப்போது திரும்பி வந்து சமோசா சாப்பிட வேண்டும் என்பது வரை எழுதியிருந்தது. எல்லாம் ஹிந்தியில்.

எதிர்க்கட்சித் தலைவர் செல்விதான். கோட்டின் கையை மடக்கி விட்டுக்கொண்டு, “ஹம் இஸ்கா விரோத் கர்தே ஹைன்” என்று மேஜையைத் தட்டினாள். நாங்கள் இதை எதிர்க்கிறோம் என்று அர்த்தம். ஹால் அதிர்ந்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்த கமிட்டிச் செயலாளர் எழுந்து நின்று கைதட்டினார். மேடைக்கு வந்து அவள் கையில் எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றைக் கொடுத்து, “சபாஷ், நாளைய எம்.பி.” என்று தோளில் தட்டினார்.

எங்கள் வாயிலிருந்த தமிழ்

இப்போது புரிந்திருக்கும், அந்த விரோதம் எங்கிருந்து வந்தது என்று.

தில்லியில் பிறந்த எங்களுக்குத் தமிழ் என்பது வீட்டில் அம்மா திட்டுவதற்கு உண்டான பாஷை. வெளியே ஹிந்தி, வகுப்பில் இங்கிலீஷ். தெரியாத தமிழ் வார்த்தைக்கு ஹிந்தி வார்த்தையை எடுத்து, வாலில் ஒரு அம் சேர்த்தால் தமிழ் வந்துவிடும் என்பது எங்கள் எல்லோருடைய இலக்கணம். பாதி நேரம் சரியாகவே வரும். மீதி நேரம் மானம் போகும்.

ஒரு முறை தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றில் ‘அவசர நிலை’ என்றிருந்ததை வாசித்த செல்வி, “வாய்ப்புள்ள நிலை” என்று எங்களுக்கு விளக்கம் சொன்னாள். ஹிந்தியில் அவ்சர் என்றால் வாய்ப்பு. பரமேஸ்வரன் சார் விழுந்து விழுந்து சிரித்தார். யாருக்கு வாய்ப்பு என்று யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது அவ்வளவு தப்பில்லை, ஆனால் யோசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

கமிட்டியைப் பார்க்கப் போகலாம் என்று முடிவு செய்ததும், மாடிப்படியில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று பேசினோம். “தமிழ்லதான் சொல்லணும். அவங்க தமிழ் கமிட்டி, ஹிந்தியில சொன்னா புரா மானேங்கே” என்றாள் செல்வி. தப்பாக எடுத்துக்கொள்வார்களாம். மரியாதைக்காகத்தான் அவள் தமிழில் பேசினாள். விரோதம் என்றால் தமிழில் பகை என்பது ஏழு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

குலை நடுங்கிய பெரியவர்கள்

திரும்ப அந்த அறைக்கு வருவோம்.

செயலாளர் எழுந்தார். ஏதோ ஓர் அமைச்சகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மேடைத் தமிழில்தான் கோபப்படுவார்.

“விரோதமா? பெற்ற பிள்ளைகளாய் எண்ணி உங்களை வளர்க்கும் எங்களோடு விரோதமா? இதுதான் இந்தத் தமிழ்ப் பள்ளி உங்களுக்குக் கற்றுத் தந்த பண்பாடா?”

செல்வி மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். “ஹேமா, நான் என்னடி சொல்லிட்டேன்?” என்றாள் மெதுவாக. எனக்கே தெரியவில்லை.

“யார் உங்களைத் தூண்டிவிட்டது?” என்றார் பொருளாளர். கமிட்டித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர் அணி ஆட்கள்தான் எங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தானாக ஒரு யோசனை வரும் என்று அந்த மேஜையைச் சுற்றியிருந்த ஒருவராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பரமேஸ்வரன் சார் கதவோரம் நின்றிருந்தார். அந்த வார்த்தையை அவளுக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். ஒரே வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது எதனால் தெரியுமா? அந்தப் பெரியவர்களில் ஒருவருக்காவது அவள் சொன்னது புரியாமல் இருந்திருக்குமா? முப்பது, முப்பத்தைந்து வருஷமாகத் தில்லியில் குப்பை கொட்டுகிறவர்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், “பையா, கொத்தமல்லி ஓசியில் போடு” என்று அட்சர சுத்தமான ஹிந்தியில் சண்டை போடுகிறவர்கள். அதே வார்த்தைக்கு எழுந்து நின்று கைதட்டியவர்தான் இந்தச் செயலாளர். எழுதிக் கொடுத்ததைச் சொன்னால் நாளைய எம்.பி., சொந்தமாகச் சொன்னால் பண்பாடு கெட்டவள். அவருக்கு அவள் சொன்னது நன்றாகவே புரிந்தது, அதனால்தான் புரியாத மாதிரி நடித்தார். வெட்கம் கெட்டவர்கள்.

அடுத்த சனிக்கிழமை செல்வி தன் அப்பாவை அழைத்து வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டால் பிரிவை மூடுவது பற்றி மறுபரிசீலனை செய்வோம் என்று தீர்ப்பு சொன்னார்கள்.

வீட்டில் வந்து சொன்னேன். “பரிசீலிக்கிறோம்னு சொன்னாங்களா? அப்போ மூடியாச்சு” என்றார் அப்பா. அந்த ஒரு விஷயத்தில் அவருடைய அரசாங்க அனுபவத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

சரியான வார்த்தை

அந்த வாரம் முழுக்க ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். கால்ல விழுந்துடு, ஒண்ணும் குறைஞ்சு போகாது என்றது என் அம்மா. “ஒரு ஸாரிதானேம்மா, சொல்லிட்டுப் போயேன். பெரியவங்க மனசு குளிரும்” என்றார் பரமேஸ்வரன் சார். அப்போது அவர் கையில் இருந்தது உரிமைகள் பற்றிய பாடம்.

வெள்ளிக்கிழமை மாலை செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவிடம் நேராகப் போனாள்.

“அங்கிள், விரோத் கர்னா, அதுக்குத் தமிழ்ல கரெக்டா என்ன?”

அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு ரொம்பத் தணிந்த குரலில், “எதிர்ப்பு” என்றார். “எதிர்க்கிறதுன்னு சொல்லணும். ஆனா நீ அதையெல்லாம் சொல்லாதம்மா. மன்னிச்சிருங்கன்னு மட்டும் சொல்லு.”

அவள் அந்த வார்த்தையை நாலைந்து தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவளுடைய அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் பூட்ஸுமாக வந்து, மேஜைக்கு முன்னால் விறைப்பாக நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் ஆறு பேரும் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தோம்.

“அங்கிள்,” என்றாள் செல்வி, “போன வாரம் நான் தப்பா பேசிட்டேன். விரோதம்னு சொல்லக் கூடாது. ஸாரி.”

செயலாளர் முகம் மலர்ந்தது. “நன்று, குழந்தாய். பிழையை உணர்வதே பெருமை” என்று தொடங்கினார்.

அவள் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை. “சரியான வார்த்தை எதிர்ப்பு. நாங்க ஏழு பேரும் செக்‌ஷனை மூடுறதை எதிர்க்கிறோம்.”

செயலாளர் அவள் அப்பாவின் பக்கம் திரும்பினார். அவருடைய மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது.

“கேட்டீங்களா, உங்க பொண்ணு பேசுறதை?”

“கேட்டேங்கய்யா,” என்றார் அவர். “இப்பத் தமிழு சரியாத்தான இருக்கு?”

ஜன்னலுக்கு வெளியே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். என் வாழ்க்கையில் ஒரு மனிதர் கேட்ட ஆகச் சிறந்த கேள்வி அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தமிழ் விழா

திங்கட்கிழமை பிரிவை மூடினார்கள். நாங்கள் ஆறு பேரும் காமர்ஸ் வகுப்பின் கடைசி பெஞ்சுகளில் போய் உட்கார்ந்தோம்.

சனிக்கிழமை கமிட்டி அறையிலிருந்து போனதும், பஸ் ஸ்டாப்பில் தன் அப்பா அரை மணி நேரம் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தார் என்று செல்வி பிறகு சொன்னாள். ஊருக்கு டிக்கெட் எடுக்கத்தான் யோசிக்கிறார் என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததாம். பஸ் வந்தபோது அவர், “திங்கக்கிழமை சர்க்காரி ஸ்கூல்ல கேட்டுப் பாப்போம்த்தா. ஊருக்கெல்லாம் போக வேண்டாம்” என்றாராம்.

கேட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் இடம் இருந்தது. பொலிட்டிகல் சயின்ஸும் இருந்தது, ஆனால் ஹிந்தி மீடியத்தில் மட்டும். தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்த பெண் அங்கே போய், முதலில் திக்கித் திணறி, பிறகு மளமளவென்று, அரசியலமைப்புச் சட்டத்தை ஹிந்தியில் படித்தாள். தமிழ்ப் பாடம் அங்கே கிடையாது. தமிழில் பேச ஆளும் கிடையாது.

அந்த வருஷமும் எங்கள் பள்ளியில் தமிழ் விழா தடபுடலாக நடந்தது. வாழைமரம், நாதஸ்வர ரெக்கார்டு, கேசரி எல்லாம் உண்டு. மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட செயலாளர் மைக்கைப் பிடித்தார். தலைநகரில் பிறந்த நம் பிள்ளைகள் தாய்மொழியைக் கைவிட்டு ஹிந்தியிடம் போகிறார்களே என்று குரல் தழுதழுக்கப் பேசினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இதற்கு யார் பொறுப்பு? இந்தச் சபையைக் கேட்கிறேன், யார் பொறுப்பு?” என்றார். சபை கைதட்டியது. பரமேஸ்வரன் சார் எல்லோருக்கும் முன்னால் தட்டினார்.

அன்று சாயங்காலமே செல்விக்குப் போன் போட்டு, மைக்கில் அவர் கேட்டதை அப்படியே நடித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“கோயி நஹீ உட்டா?” என்றாள். ஒருத்தர்கூட எழுந்து நிற்கவில்லையா என்று.

ஒருத்தருமில்லை என்றேன். நானும் அதை ஹிந்தியில்தான் சொன்னேன்.